திருவிழாவை அளந்தவர்

"துக்கத்துல இருக்கறவன் கல்யாண வீட்டுக்குப் போகலாமா, அம்மா?"

ஏகாம்பரம் இப்படிக் கேட்டபோது தில்லைநாயகி முற்றத்தில் மிளகைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார்.

கேட்டவருக்கு வயது ஐம்பத்தேழு. கேட்கப்பட்டவருக்கு நாற்பத்திரண்டு. இருந்தாலும் சேர்வராயன் மலையில் இருந்த அந்தப் பழைய பங்களாவில், மனம் ஆறுவதற்காக வந்து தங்கும் எல்லோருக்கும் அவர் அம்மாதான். உபதேசம் எதுவும் செய்யமாட்டார். தோட்ட வேலை கொடுப்பார். கேள்வி கேட்டால் பெரும்பாலும் இன்னொரு வேலை கொடுப்பார்.

"யார் கல்யாணம்?"

"என் மகளோடது."

"என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை. நாமக்கல்ல."

"இன்னிக்குத் திங்கள்."

"ஆமாம்மா."

"அஞ்சு மாசமா இங்க இருக்கீங்க, சர்வேயர் சார். மகளுக்குக் கல்யாணம்னு இன்னிக்குத்தான் வாயைத் திறக்கறீங்க."

"போறதா இல்ல. அதனால சொல்லல."

"போறதா இல்லன்னா கேள்வி எதுக்கு?"

ஏகாம்பரம் சட்டைப் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து நீட்டினார். காலையில்தான் தபாலில் வந்திருந்தது. தில்லைநாயகி மிளகுத் தூசியைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார்.

"உங்க பேர்தான் முதல்ல இருக்கு."

"போடாதேன்னு சொல்லியிருந்தேன். போட்டுட்டா."

அவருடைய மனைவி பூங்கோதை போன ஆடியில் இறந்துபோனாள். மாப்பிள்ளையைப் பார்த்து முடிவுசெய்தது அவள்தான். தேதியை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடக் கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னதும் அவள்தான். தாரை வார்த்துக் கொடுக்கத் தம்பதியாக இருக்க வேண்டும் என்பதால், ஏகாம்பரத்தின் தம்பி சண்முகமும் அவர் மனைவியும் மணவறையில் உட்காருவதாக ஏற்பாடு.

"அது சரிதான்," என்றார் தில்லைநாயகி. "மேடையில அவங்க உட்காரட்டும். கீழ நாற்காலி போடலையா?"

"நாற்காலிக்குக் குறைச்சல் இல்லம்மா. மூஞ்சிதான் பிரச்னை."

"மூஞ்சிக்கு என்ன?"

"என் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு. நான் உள்ள நுழைஞ்சா நாதஸ்வரக்காரன் வாசிக்கறதை நிறுத்திட்டு, ஐயா எந்த வீட்டு எழவுக்கு வந்திருக்கீங்கன்னு கேப்பான்."

தில்லைநாயகி சிரித்தார். ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

"அது அவ சிரிக்க வேண்டிய நாள். என்னைப் பாத்தா அவளுக்கு அம்மா நெனப்பு வரும். அழுவா. அவ அழுதா நான் அழுவேன். அப்புறம் மண்டபமே அழும். அதுக்கு நான் இங்கயே மிளகு காயவெச்சுட்டு இருக்கலாம்."

"மிளகு நான் காயவெச்சுக்கறேன். வாங்க."

அவர் எழுந்து கூடத்துக்குள் போனார். ஏகாம்பரம் பின்னால் போனார்.

கூடத்தின் மேற்குச் சுவரை ஒரு பெரிய ஓவியம் அடைத்துக்கொண்டிருந்தது. பங்களாவைக் கட்டிய காப்பித் தோட்டக்காரர் சுவிட்சர்லாந்துக்காரர். தன் ஊரிலிருந்து அதைச் சுருட்டி எடுத்துவந்து, இங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்தார். போகும்போது கொண்டுபோகவில்லை. கீழ்மூலையில் 1861 என்று இருந்தது. வரைந்தவர் பெயர் இருந்த இடத்தில் பூஞ்சை.

மேலே பனிமலைகள். அதற்குக் கீழே ஊசியிலைக் காடு. அதற்கும் கீழே, ஏரிக்கரைப் புல்வெளியில், ஒரு கிராமமே கூடி நிற்கிறது. இரண்டு பேர் இடுப்புக் கச்சையைப் பிடித்து மல்லுக்கட்டுகிறார்கள். ஆளைவிட நீளமான மரக்கொம்பைத் தரையில் ஊன்றி ஒருவர் ஊதுகிறார். பிடில்காரர்கள், வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள், நாய்கள், நீள மேஜைகள். ஒரு மேஜையின் மேல் மாட்டுவண்டிச் சக்கரம் போல் ஒரு பாலாடைக்கட்டி. வலப்பக்கம், மலையிலிருந்து வளைந்து வரும் பாதையில் மாடுகள்.

ஏதோ மலைநாட்டுத் திருவிழா. ஐந்து மாதமாகச் சனிக்கிழமைதோறும் அதைத் தூசி தட்டியவர் ஏகாம்பரம்தான்.

"இதுல துக்க வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார்," என்றார் தில்லைநாயகி. "யார்னு கண்டுபிடிங்க. அப்புறம் உங்க கேள்விக்கு வருவோம்."

"இதுலயா? இதுல எல்லாரும் ஆடிப் பாடிட்டு இருக்காங்க."

"கண்டுபிடிங்க."

அவர் மிளகைப் பார்க்கப் போய்விட்டார்.

ஏகாம்பரம் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர். எதையும் அளக்காமல் பார்க்கத் தெரியாது. பூங்கோதை நோயில் கிடந்தபோதுகூட, ஜன்னல் வெயில் கட்டிலுக்கு வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அளந்துகொண்டிருந்தவர். அவள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சட்டத்தின் நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் குண்டூசி குத்தினார். நூல் கட்டினார். ஓவியம் தொண்ணூற்றாறு கட்டங்களானது. கட்டம் போட்ட தாளில் அதை அப்படியே வரைந்தார். ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் எண். பக்கத்தில் ஒரு நோட்டு: எண், இடம், என்ன செய்கிறார், குறிப்பு.

சமையல்காரர் பொன்னுரங்கம் டம்ளரோடு வந்து நின்றார்.

"என்ன சார், வெள்ளைக்காரன் ஊருக்குப் பட்டா போடப் போறீங்களா?"

"காபியை வெச்சுட்டுப் போய்யா."

"புறம்போக்கு எதுனா இருந்தா சொல்லுங்க. என் மச்சான் ஒரு ஏக்கர் தேடிட்டு இருக்கான்."

மாலைக்குள் இருநூற்றுப் பதினான்கு பேர் ஆனார்கள். அவர்களில் மூன்று பேரைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, தாளை எடுத்துக்கொண்டு தில்லைநாயகியிடம் போனார்.

"நாற்பத்தி ஒண்ணு. கருப்பு உடுத்தின பொம்பளை."

"அவங்க பக்கத்துல இன்னும் ஒன்பது பேர் கருப்புதான். அந்த ஊர்த் துணி அப்படி."

"நூத்தி அறுபது. பாறை மேல தலையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கான்."

"காலைலேர்ந்து குடிச்சிருப்பான்."

"இந்தக் கோடி வீட்ல புகை வரல, அம்மா. மத்த வீட்ல எல்லாம் வருது. வாசல்ல ஒரு ஆள் நிக்கறான்."

"திருவிழாவுக்குக் கிளம்பி, கதவைப் பூட்டிட்டு இருக்கான். அடுப்பை எரியவிட்டா போவான்?"

ஏகாம்பரம் தாளை மடித்தார்.

"துக்கக்காரன் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. தினம் சவரம் பண்றப்ப பாக்கறேன். அந்த முகம் இதுல இல்ல."

"அப்ப முகத்தை விட்டுட்டுத் தேடுங்க."

புதன்கிழமை அவர் மனிதர்களை விட்டுவிட்டார். மரங்களைப் பார்த்தார். ஏரியில் நின்ற படகுகளைப் பார்த்தார். நாய்களை எண்ணினார். பத்து மணிவாக்கில் மாடுகளுக்கு வந்தார்.

மூன்று மந்தைகள். இரண்டு மந்தைகள் ஏற்கெனவே புல்வெளிக்கு வந்து சேர்ந்துவிட்டன. அந்த மாடுகளின் தலையில் பூக்கிரீடம், நெற்றியில் கண்ணாடி, கொம்பில் பல நிற நாடாக்கள். நம் ஊரில் மாட்டுப் பொங்கலுக்குச் செய்வதைவிட இரண்டு மடங்கு ஜோடனை. மூன்றாவது மந்தை இன்னும் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் பதினோரு மாடுகள். கழுத்தில் வெறும் மணி. வேறு ஒன்றும் இல்லை. முன்னால் நடந்துவரும் ஆள் கட்டைவிரல் நகம் அளவுதான். முகம் ஒரே ஒரு தீற்றல்.

ஏகாம்பரம் வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதினார்: "மூன்றாம் மந்தை முடிக்கப்படவில்லை. ஓவியருக்கு நேரம் போதவில்லை."

எழுதியதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அதிகாரிகளின் தவற்றைக் கண்டுபிடிக்கும்போது சர்வீஸில் வரும் தெம்பு.

தில்லைநாயகி காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார். அங்கேயே போய்ச் சொன்னார்.

"அம்மா, நீங்க சொன்ன ஆள் இதுல கிடையாது. இந்தப் படமே அரைகுறை. கடைசி மந்தைக்கு ஜோடனை வரையாம விட்டுட்டுப் போயிட்டான்."

தில்லைநாயகி கிளை வெட்டும் கத்தரியைக் கீழே வைத்தார்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னால அந்தத் தோட்டக்காரர் பேத்தி இங்க வந்திருந்தா. அவளும் உங்களை மாதிரி அந்தப் படத்துக்கு முன்னாடியே நின்னா. அவதான் சொன்னா. அந்த ஊர்ல கோடை முழுக்க மாடுங்க மேல் மலையில மேயும். குளிர் வர்றதுக்கு முன்னாடி எல்லா மந்தையும் ஒரே நாள்ல கீழ இறங்கும். அதுதான் திருவிழா. மாட்டை ஜோடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க."

"சரி."

"அந்தக் கோடையில எந்த வீட்ல சாவு விழுந்துச்சோ, அந்த வீட்டு மந்தைக்கு மட்டும் ஜோடனை கிடையாது. வெறும் மணியோட வரும்."

ஏகாம்பரம் நோட்டில் தான் எழுதிய வரியைப் புரட்டிப் பார்த்தார்.

"ஓவியர் எதையும் விடல, சர்வேயர் சார்."

அவர் திரும்பிக் கூடத்துக்கு நடந்தார். தில்லைநாயகியும் கூடவே வந்தார். ஏகாம்பரம் நூலை விலக்கிவிட்டு அந்த நகமளவு மனிதனுக்கு நேரே விரலை நீட்டினார்.

"அப்ப இவன்தான்."

"அவர்தான்."

"இவன் ஏன் வந்தான்?"

"மாட்டை மேலயே விட்டா பனியில செத்துப்போகும்."

"மாட்டைச் சொல்லலம்மா. மாட்டை யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பிட்டு, இவன் ரெண்டு நாள் கழிச்சு இறங்கியிருக்கலாமே. திருவிழா முடிஞ்சப்புறம்."

"இறங்கியிருக்கலாம்."

"இத்தனை பேர் சந்தோஷமா இருக்கற எடத்துக்கு, வெறும் மாட்டை ஓட்டிட்டு வந்து நிக்கறான். அவங்க நாளைக் கெடுத்துட்டான்."

"கெடுத்துட்டாரா?"

"கெடாம இருக்குமா?"

"எனக்குத் தெரியாது. நான் அங்க போனதில்ல." தில்லைநாயகி ஓவியத்தின் கீழ்ப்பாதியைக் கையால் காட்டினார். "இருநூத்திப் பதினாலு பேர் இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அவங்களைக் கேளுங்க."

"படத்துல இருக்கறவங்களையா? எப்படிக் கேக்கறது?"

"அளக்கறவர் நீங்க. என்னைக் கேட்டா?"

அன்று பிற்பகல் முழுக்க ஏகாம்பரம் எதையும் அளக்கவில்லை. நாற்காலியைப் போட்டு ஓவியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அந்த மனிதனின் மேல் அவருக்குக் கோபமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. யார் செத்திருப்பார்கள் அவன் வீட்டில்? மனைவியா? அவளும் போன வருஷம் இதே பாதையில் மாட்டுக்கு முன்னால் நடந்திருப்பாளா? அவன் வராமல் இருந்திருந்தால் அது ஊருக்காகவா, அவனுக்காகவா?

அந்தக் கடைசிக் கேள்வி திரும்பித் தன்னிடமே வந்து நிற்பதை அவர் கவனித்தார். எழுந்து போய் முகம் கழுவினார்.

வியாழக்கிழமை விடிந்தது. நோட்டைத் திறந்தார். படத்தில் இருப்பவர்களைக் கேட்பதென்றால் அவர்களைப் பற்றி எழுதியதைத்தானே பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை எழுதிய குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

எண் பன்னிரண்டு, பிடில்காரர். குறிப்பு: வில் கம்பி மேல் படவில்லை. தவறு.

எண் முப்பத்தைந்து, குவளை ஏந்திய பெண். குறிப்பு: பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறாள், ஆனால் அவரைப் பார்க்கவில்லை. தவறு.

எண் எழுபது, மல்யுத்தம் பார்ப்பவர். குறிப்பு: கண் பார்வை சரியாக விழவில்லை. தவறு.

எண்பத்தெட்டு, கண் பார்வை சரியில்லை. தொண்ணூறு, கண் பார்வை சரியில்லை. நூற்றிரண்டு, மேற்படி. நூற்று மூன்று, மேற்படி.

பக்கம் பக்கமாக மேற்படி.

ஒரு தவற்றை ஒரே ஆள் அறுபது எழுபது தடவை, ஒரே மாதிரி செய்வானா? சர்வீஸில் அப்படி வந்தால், தவறு அளந்தவனிடம்தான் இருக்கும்.

ஏகாம்பரம் பென்சிலைச் சீவினார். அளவுகோலை எடுத்தார். புள்ளிகள் வைத்த தாளைப் பிரித்தார். ஓவியத்தில் ஒரு முகத்தைப் பார்ப்பார். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு இழுப்பார். பிறகு அடுத்த முகம். முதுகு காட்டி நிற்பவர்களை விட்டுவிட்டார். நூற்று முப்பத்தொரு முகங்கள் தேறின.

சில கோடுகள் எங்கெங்கோ போயின. மல்லுக்கட்டிய இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாறை மேல் இருந்தவர் தன் காலைப் பார்த்தார். ஒரு நாய்க்குப் பின்னால் நான்கைந்து கோடுகள் ஓடின.

மற்றவை ஓடவில்லை. மேஜைப் பக்கத்திலிருந்து, ஏரிக்கரையிலிருந்து, பிடில்காரர்களிடமிருந்து, கோடி வீட்டு வாசலிலிருந்துகூட, வலப்பக்கம் மேலே, மலைப்பாதைக்கு ஏறின. இருபது கோடுகள் ஆனதும் அவருக்குச் சந்தேகம் வந்தது. அளவுகோல் நகர்கிறதோ என்று வேறு அளவுகோல் வாங்கிவந்து முதலிலிருந்து இழுத்தார்.

எண்பத்தேழு.

பொன்னுரங்கம் டம்ளரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், எல்லாக் கோட்டையும் ஒரே எடத்துல கொண்டுபோய் முடிச்சுப் போட்டுட்டீங்க?"

"நான் போடலை," என்றார் ஏகாம்பரம்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து ஓவியத்துக்கு அருகில் போனார். மூக்கு துணியில் படும் அளவுக்குப் போனார்.

பூவும் கண்ணாடியுமாக வந்து நின்ற இரண்டு மந்தைகளை ஒருத்தரும் பார்க்கவில்லை. பிடில்காரர் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். மேஜை மேல் அந்தப் பெரிய பாலாடைக்கட்டி முழுசாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு கிழவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டாமல், கழுத்தைத் திருப்பி மலைப்பாதையைப் பார்க்கிறார். குவளைகளில் நுரை குறையவில்லை.

யார் முகத்திலும் கோபம் இல்லை. இரக்கம்கூட இல்லை. இன்னும் ஓர் ஆள் வரவேண்டும், அவ்வளவுதான், என்கிற முகங்கள்.

ஏகாம்பரம் அப்படியே நின்றார்.

காபி ஆறிப் போனது. பொன்னுரங்கம் வந்து டம்ளரை எடுத்துப் போய்ச் சூடுபண்ணி வைத்துவிட்டுப் போனார். அதுவும் ஆறிப் போனது.

மத்தியானம் ஏகாம்பரம் அலுவலக அறைக்குப் போனபோது தில்லைநாயகி மிளகை எடைபோட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் என்ன கண்டுபிடித்தார் என்று தில்லைநாயகி கேட்கவில்லை. தொலைபேசியை மேஜை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

ஏகாம்பரம் எண்களைச் சுழற்றினார். நாமக்கல்லில் யாரோ எடுத்தார்கள். பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ யாரையோ வெற்றிலைக்காக அதட்டும் சத்தம். செண்பா, உனக்குத்தான், என்று ஒரு குரல் கூப்பிட்டது. ஓடி வரும் கொலுசு கேட்டது.

"அப்பாவா?"

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா. நீங்க?"

"ம்."

அவர் மேஜை மேலிருந்த பென்சிலை எடுத்தார்.

"செண்பா, மண்டபத்துல மணவறை எந்தத் திசை பாத்துப் போட்டிருக்காங்க?"

"கிழக்கே பாத்துதான்ப்பா. ஏன்?"

"மண்டப வாசல்?"

"அது நேர் எதிர்க்க. கிழக்குச் சுவர்ல."

"எத்தனை அடி இருக்கும்?"

"அப்பா, எனக்கு எப்படித் தெரியும்? அறுபது, எழுபது இருக்கும்."

"நடுவுல தூண் ஏதாவது?"

"இல்ல."

"பூ அலங்காரம், தொங்கல், அப்படி எதுவும் மறைக்குமா?"

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ உக்காந்த எடத்துலேர்ந்து வாசல் தெரியுமா, அதைத்தான் கேக்கறேன்."

"தெரியும்ப்பா," என்றாள் செண்பா. குரல் மெதுவாக வந்தது. "போன வாரம் மண்டபம் பாக்கப் போனப்பவே அங்க உக்காந்து பாத்துட்டேன்."

ஏகாம்பரம் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"முகூர்த்தம் ஆறரைக்குத்தானே?"

"ஆமாம்ப்பா."

"ஆறு மணிக்குப் பாரு."